சிக்யூ: மன்னார் கடலைத் துளைத்த யப்பானியக் கப்பலின் கதை

2011 ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் ஒரு கப்பல் வந்து நின்றது. நங்கூரம் போடாமல் ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றது. அதன் நடுவில் கடல் மட்டத்திலிருந்து நூறு மீற்றருக்கும் அதிக உயரத்தில் ஓர் இரும்புக் கோபுரம் இருந்தது. அந்தக் கப்பலின் பெயர் சிக்யூ. யப்பானிய மொழியில் இச்சொல்லுக்குப் பூமி என்று பொருள்.

மன்னார் எண்ணெய் பற்றி எமது மக்களிடையே பல கதைகள் உலவுகின்றன. "எண்ணெய் இருக்கிறது, மறைக்கிறார்கள்" என்பார்கள் சிலர். "எல்லாம் பொய், தேர்தலுக்குச் சொன்ன கதை" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே முழு உண்மையல்ல. உண்மையில் என்ன நடந்தது என்பதை அறிய அந்தக் கப்பலின் வரலாற்றிலிருந்து தொடங்குவதே நல்லது என நினைக்கிறேன். எண்ணெய்க்கெனக் கட்டப்படாத ஒரு கப்பல் எம் கடலுக்கு எண்ணெய் தேட வந்தது எப்படி, அது கண்டது என்ன, போன பின் எமக்கு மிஞ்சியது என்ன என்பதே இக்கட்டுரை.

கடலடியைத் துளைக்கும் எண்ணம்

கரையோரத்து ஆழமற்ற கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவது பழைய தொழில். கால்கள் ஊன்றிய மேடையை நிறுத்திவிட்டுத் தோண்டலாம். ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் மீற்றர் ஆழத்தில் கால் ஊன்ற முடியாது. அங்கே மிதந்தபடியே தோண்ட வேண்டும்.

அப்படி மிதந்து துளையிடும் முறையை ஆழ்கடலில் முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்தவர்கள் அறிவியலாளர்களே. 1961 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் குவாடலூப் தீவுக்கு அருகே, கஸ்-1 என்ற கலத்திலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் கடலடியைத் துளைத்தார்கள். அது பழைய கடற்படைக் கலம் ஒன்றை எண்ணெய் நிறுவனங்கள் நான்கு சேர்ந்து துளையிடும் கலமாக மாற்றியமைத்தது. நீரின் ஆழம் 3,500 மீற்றருக்கும் அதிகம். பூமியின் மேலோட்டைத் துளைத்து, அதற்குக் கீழுள்ள மூடகம் என்ற அடுக்கைத் தொடுவதே அவர்களின் கனவு. மோஹோல் திட்டம் என அதற்குப் பெயர். அன்று கடலடிக்குக் கீழே அவர்கள் எட்டிய அதிகபட்ச ஆழம் 183 மீற்றர் மட்டுமே. செலவு கட்டுமீறிப் போனதால் 1966 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அத்திட்டத்தை நிறுத்தியது.

திட்டம் நின்றாலும் அது கற்றுக்கொடுத்த பாடம் நிற்கவில்லை. கலத்தின் நான்கு பக்கமும் உந்திகளைப் பொருத்தி, காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள எதிர்த்திசையில் உந்திக்கொண்டே இருந்தால், நங்கூரம் இல்லாமலே ஒரே இடத்தில் நிற்கலாம் என்பதே அப்பாடம். இன்று உலகெங்கும் ஆழ்கடலில் எண்ணெய் தோண்டும் கப்பல்கள் இந்த முறையிலேயே நிற்கின்றன.

பின்னர் 1968 முதல் 1983 வரை குளோமர் சலெஞ்சர் என்ற கப்பல் உலகக் கடல்களில் துளையிட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்ற கோட்பாட்டுக்கு வலுவான சான்றுகளைக் கொடுத்தது அக்கப்பல் எடுத்த மாதிரிகளே. 1985 இலிருந்து அந்தப் பணியை ஜொய்டெஸ் ரெசொலூஷன் ஏற்றது. அதுவும் 1978 இல் எண்ணெய்க்காகக் கட்டப்பட்டு, பின்னர் ஆய்வுக்கு மாற்றப்பட்ட கப்பல்தான். எண்ணெயும் அறிவியலும் கருவிகளையும் கலங்களையும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கியே வளர்ந்தன. சிக்யூவின் கதையும் அதே வழியில் வருவது.

கப்பல் பிறந்த கதை

குளோமர் சலெஞ்சர், ஜொய்டெஸ் ரெசொலூஷன் இரண்டுக்கும் ஒரு குறை இருந்தது. அவை கடல்நீரை உள்ளே செலுத்தித் துளையிட்டன. ஆழம் கூடக் கூடக் கிணற்றின் சுவர் இடிந்து விழும். எண்ணெயோ எரிவாயுவோ இருக்கக்கூடிய இடத்தில் துளையிட்டால் அது பீறிட்டு வெளிவரும் ஆபத்தும் உண்டு. அதனால் அவ்வாறான இடங்களைத் தவிர்க்க வேண்டியிருந்தது.

நிலநடுக்கம் பிறக்கும் இடத்தையே துளைத்துப் பார்க்க வேண்டும் என்று யப்பான் எண்ணியது. அதற்குக் கடலடிக்குக் கீழே பல ஆயிரம் மீற்றர் போகவேண்டும். எனவே எண்ணெய்த் தொழிலில் உள்ள இரட்டைக் குழாய் முறையை ஆய்வுக் கப்பலுக்குக் கொண்டுவர முடிவு செய்தார்கள். 2002 ஜனவரியில் தமானோவில் உள்ள மிட்சுயி கப்பற்கட்டுந் தளத்தில் சிக்யூவின் உடல் நீரில் இறக்கப்பட்டது. துளையிடும் சாதனங்கள் நாகசாகியில் பொருத்தப்பட்டன. 2005 ஜூலையில் அது யப்பானின் கடல், புவி ஆய்வு நிறுவனமான ஜம்ஸ்டெக்கிடம் கையளிக்கப்பட்டது. செலவு சுமார் 60 பில்லியன் யென்.

கப்பலின் நீளம் 210 மீற்றர், அகலம் 38 மீற்றர். கொள்ளளவு சுமார் 57,000 தொன். தன்னுடன் 10,000 மீற்றர் வரையான துளைகுழாயைக் கொண்டு செல்லக்கூடியது. சுமார் 200 பேர் தங்கி வேலை செய்யலாம். உலங்குவானூர்தி இறங்கும் தளமும் உண்டு.

இது வேலை செய்யும் விதத்தை எளிமையாகச் சொல்கிறேன். கப்பலின் நடுவே அடித்தளம் வரை ஒரு பெருந்துவாரம் உண்டு. அதற்கு நேர் மேலே கோபுரம். கோபுரத்திலிருந்து துளைகுழாய்களை ஒன்றுடன் ஒன்று பூட்டிப் பூட்டி அந்தத் துவாரத்தினூடாகக் கடலுக்குள் இறக்குவார்கள். நுனியில் துளைக்கும் பற்கள். துளைகுழாயைச் சுற்றி, கப்பலிலிருந்து கடலடிவரை இன்னொரு பெரிய குழாய் இருக்கும். உள்குழாயின் வழியே கனமான சேற்றுக் கலவையைக் கீழே செலுத்துவார்கள். அந்தச் சேறு துளைபற்களைக் குளிரச்செய்து, வெட்டிய கற்துகள்களை வாரிக்கொண்டு, இரண்டு குழாய்களுக்கும் இடைப்பட்ட வெளியால் மேலே கப்பலுக்கு வந்து சேரும். சேற்றின் கனமே கிணற்றின் சுவரை இடியாமல் பிடித்துக்கொள்ளும். கீழேயுள்ள வாயு மேலே பாயாமலும் அமுக்கி வைக்கும்.

அந்த அமுக்கம் தவறினால்? அதற்குத்தான் கடலடியில், கிணற்று வாயின்மேல் சுமார் 380 தொன் எடையுள்ள ஒரு பெருங்கருவியைப் பொருத்துகிறார்கள். ஆபத்து வந்தால் குழாயையே வெட்டிக் கிணற்றை இறுக மூடிவிட வேண்டியது அதன் வேலை. 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் மேடையில் இப்படியான கருவி கிணற்றை மூடத் தவறியது. 11 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. மன்னாரில் துளையிடும் பணி தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக் கப்பல் எண்ணெய் தேடியது ஏன்?

இவ்வளவு பெரிய கப்பலைச் சும்மா நிறுத்தி வைத்தாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். அரச நிதி மட்டும் போதாமல், ஆய்வுப் பயணங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அதை எண்ணெய் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் ஏற்பட்டது. கட்டி முடித்த மறு ஆண்டே அது தொடங்கிவிட்டது. 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் கென்யாவின் கரைக்கப்பால் அவுஸ்திரேலிய நிறுவனமான வூட்சைட்டுக்காக பொம்பூ என்ற கிணற்றைச் சிக்யூ துளையிட்டது. அது வெறுங்கிணறாக முடிந்தது.

2007 செப்டெம்பரில்தான் கப்பல் தன் சொந்த வேலைக்குத் திரும்பியது. யப்பானின் தென்கரைக்கு அப்பாலுள்ள நன்காய் அகழியில் நிலநடுக்க ஆய்வுக்கான துளையிடல் தொடங்கியது. பிலிப்பைன் கடற்தட்டு யப்பானுக்குக் கீழே புகும் இடம் அது.

2011 மார்ச் 11

இந்தக் கப்பலின் வரலாற்றில் மறக்க முடியாத நாள் இது. சில நாட்களில் தொடங்கவிருந்த ஓர் ஆய்வுப் பயணத்துக்காக யப்பானின் வடகிழக்கில் ஹச்சினோஹே துறைமுகத்தில் சிக்யூ நின்றிருந்தது. அன்று உள்ளூர் ஆரம்பப் பாடசாலை மாணவர்கள் 48 பேர் கப்பலைப் பார்வையிட வந்திருந்தார்கள். பிற்பகலில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை வரும் என்பதை உணர்ந்த மாலுமிகள் பிள்ளைகளைக் கரையில் இறக்கவில்லை. அவர்களை ஏற்றியபடியே கப்பலைத் துறையிலிருந்து விலக்கினார்கள். துறைமுகத்துக்குள் புகுந்த நீர் அந்தப் பெருங்கப்பலைச் சுழற்றியது. அடியில் இருந்த ஆறு உந்திகளில் ஒன்று சேதமடைந்து கழன்றது. ஆனால் பிள்ளைகள் அனைவரும் உயிர் பிழைத்தார்கள். அன்றிரவைக் கப்பலிலேயே கழித்த அவர்கள் மறுநாள் உலங்குவானூர்தியில் கரை சேர்க்கப்பட்டார்கள்.

முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் 2004 டிசெம்பர் 26 ஐக் கண்டவர்களுக்கு, அந்த மாலுமிகள் எடுத்த முடிவின் பெறுமதி என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

திட்டமிட்ட ஆய்வுப் பயணம் தள்ளிப்போனது. அதே ஆண்டின் நடுப்பகுதியில், இலங்கையில் எரிவாயு தேடும் வாடகைப் பணிக்காகச் சிக்யூ இந்து சமுத்திரம் நோக்கி வந்தது.

மன்னாரில் முன்னர் நடந்தவை

மன்னாரில் எண்ணெய் தேடியது 2011 இல்தான் முதன்முறை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. 1970களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மன்னார்த் தீவின் பேசாலையில் மூன்று கிணறுகளைத் துளைத்தது. 1976 இல் அமெரிக்க நிறுவனமான மரதன் பாக்கு நீரிணைப் பகுதியில் இரண்டு கிணறுகளைத் தோண்டியது. அவற்றில் ஒன்றுக்கு நெடுந்தீவின் ஆங்கிலப் பெயரான டெல்வ்ற் என்பதையே வைத்தார்கள். 1981 இல் சிற்றீஸ் சேர்விஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் பெட்ரோ, பேர்ள் என்ற இரு கிணறுகளைத் துளையிட்டது. பருத்தித்துறை முனையின் பெயர் ஒன்றுக்கு, மன்னாரின் முத்து மற்றொன்றுக்கு. ஏழு கிணறுகளிலும் எடுக்கத்தக்க எண்ணெய் கிடைக்கவில்லை. பின்னர் போர் வந்தது. தேடல் நின்றது.

அதே காலத்தில் கடலின் எல்லையும் வரையப்பட்டது. 1974 இல் பாக்கு நீரிணையிலும், 1976 இல் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் எல்லை ஒப்பந்தங்களைச் செய்தன. கடலடியில் எந்தப் பக்கம் எவருக்கு என்ற கேள்வி இதனால் தீர்ந்தது. கரையில் வாழ்ந்த மக்களிடம் எவரும் கேட்டுத் தீர்க்கவில்லை என்பது வேறு விடயம்.

2001 இலிருந்து நோர்வேயைச் சார்ந்த ரிஜிஎஸ்-நொபெக் நிறுவனம் மன்னார்ப் படுகையில் நிலஅதிர்வு ஆய்வுகளைச் செய்தது. கப்பலிலிருந்து ஒலி அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பிவரும் எதிரொலிகளைக் கொண்டு பாறை அடுக்குகளை வரையும் முறை இது. 2003 இல் பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேறியது. மன்னார்ப் படுகை துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தியாவுக்கு ஒரு துண்டும் சீனாவுக்கு ஒரு துண்டும் ஒதுக்கப்பட்டன. மூன்று துண்டுகள் 2007 இல் கேள்விமனுவுக்கு விடப்பட்டன. அவற்றில் ஒன்று கெய்ன் இந்தியா நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதன் துணை நிறுவனமான கெய்ன் லங்காவுடன் ஒப்பந்தம் 2008 ஜூலையில் கைச்சாத்தானது.

அந்த 2008 ஜூலை எமக்கு வேறு விதமாக நினைவிருக்கிறது. விடத்தல்தீவு படையினர் வசமானது அதே மாதத்தில்தான். மாந்தை, அடம்பன் பக்கத்துச் சனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் கிளிநொச்சி நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் முள்ளிக்குளம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள்; அங்கே பின்னர் கடற்படைத் தளம் அமைந்தது. கரையில் மக்கள் இல்லாத காலத்தில் அவர்களின் கடலடி பற்றிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. இது யாரோ திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த மேசையில் கரையோர மக்களின் பெயரால் பேச ஒருவரும் இருக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

மூன்று கிணறுகள்

பெயரில் மன்னார் இருந்தாலும் மன்னார்ப் படுகை மன்னார்த் தீவோடு முடிவதல்ல. இராமர் பாலத்துக்குத் தெற்கே புத்தளம், கற்பிட்டிக் கரைகளுக்கு மேற்காக அது விரிந்து கிடக்கிறது. கெய்ன் லங்காவுக்குக் கிடைத்த துண்டின் பரப்பு சுமார் 3,000 சதுர கிலோமீற்றர்.

முதற் கிணறு டொராடோ. நீரின் ஆழம் 1,354 மீற்றர். 2011 ஒக்டோபர் தொடக்கத்தில் அறிவிப்பு வெளியானது: 3,043 மீற்றருக்கும் 3,069 மீற்றருக்கும் இடைப்பட்ட மணற்கல் அடுக்கில் சுமார் 25 மீற்றர் தடிப்புக்கு எரிவாயு இருக்கிறது. இலங்கையில் துளையிட்டுக் கண்டறியப்பட்ட முதலாவது ஐதரோகாபன் அதுவே.

இரண்டாவது கிணறு பராகூடா. சீலா மீனின் பெயர். நீரின் ஆழம் 1,509 மீற்றர். நான்காயிரம் மீற்றருக்கும் கீழே, மூன்று அடுக்குகளில் மொத்தமாக 24 மீற்றர் அளவுக்கு எரிவாயு தென்பட்டதாக நவம்பரில் அறிவித்தார்கள். மூன்றாவது கிணறு டொராடோ வடக்கு. அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதை அடைத்துக் கைவிட்டார்கள். அந்த ஆண்டின் முடிவில் சிக்யூ யப்பான் திரும்பியது. 2013 இல் வல்லாகோ என்ற நான்காவது கிணறும் துளையிடப்பட்டது. அதுவும் வெறுங்கிணறு.

ஆகவே "மறைக்கிறார்கள்" என்ற கதைக்கும் "பொய்" என்ற கதைக்கும் பதில் இதுதான். எரிவாயு கண்டது உண்மை. ஆனால் எரிவாயு இருப்பது வேறு, அதை எடுத்து விற்று இலாபம் காண்பது வேறு. ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்துக் கடலடியிலிருந்து வாயுவைக் கரைக்குக் கொண்டுவரக் குழாய் போட வேண்டும். கரையில் சுத்திகரிக்கும் நிலையம் வேண்டும். வாயுவால் ஓடும் மின்நிலையங்கள் வேண்டும். இவற்றில் ஒன்றும் அன்று இலங்கையில் இருக்கவில்லை. விலை பற்றிய பேச்சுக்கள் இழுபட்டன. 2014 இன் நடுவில் பீப்பாய் ஒன்றுக்கு 100 டொலருக்கு மேலிருந்த மசகு எண்ணெய் விலை 2015 தொடக்கத்தில் 50 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. அந்த விலையில் ஆழ்கடல் வாயு கட்டுப்படியாகாது. 2015 இல் கெய்ன் தன் துண்டை அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியது.

இடையே இன்னொன்றும் நடந்தது. 2011 டிசெம்பரில் கெய்ன் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்குகள் வேதாந்தா குழுமத்திடம் சென்றன. தூத்துக்குடி ஸ்ரெர்லைட் ஆலையின் சொந்தக்காரரும் அதே குழுமம்தான். மன்னார் வளைகுடாவின் ஒரு கரையில் செப்பு ஆலை, மறு கரையில் எரிவாயு உரிமை. நிறுவனங்கள் கைமாறும்போது எமது கடலும் கைமாறுகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கப்பல் தன் வேலைக்குத் திரும்பியது

மன்னாரிலிருந்து போன சிக்யூ அடுத்த ஆண்டில் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வேலையைச் செய்தது. 2012 ஏப்ரல், மே மாதங்களில் யப்பான் அகழியில், முந்தைய ஆண்டின் பேரலையைக் கிளப்பிய பிளவையே அது துளைத்தது. நீரின் ஆழம் ஏறக்குறைய 6,900 மீற்றர். அதற்குக் கீழே மேலும் 850 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து 7,740 மீற்றர்வரை சென்று, 1978 இல் குளோமர் சலெஞ்சர் வைத்திருந்த சாதனையைக் கடந்தது.

கீழே கண்டது என்ன? இரண்டு தட்டுகளுக்கும் இடையே சில மீற்றர் தடிப்பே உள்ள வழுக்கும் களிமண் அடுக்கு. வெப்பமானிகளைக் கிணற்றில் மாதக்கணக்கில் விட்டு அளந்தபோது, உராய்வு மிகக் குறைவாக இருந்திருக்கிறது என்பது தெரிந்தது. சவர்க்காரத்தில் கால் வைத்தவன் போலத் தட்டு வழுக்கி, ஏறக்குறைய 50 மீற்றர் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் அலை அவ்வளவு பெரிதாக எழுந்தது.

இது யப்பானுக்கு மட்டும் உரிய அறிவல்ல. 2016 இல் ஜொய்டெஸ் ரெசொலூஷன் கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சுமாத்திராவுக்கு அப்பால் துளையிட்டது. 2004 இல் எம் கரைகளுக்கு வந்த அலை பிறந்த பிளவு அந்தப் பக்கத்தில்தான் உள்ளது. அங்கே தட்டோடு உள்ளே போகும் படிவுகள் முன்கூட்டியே நீரிழந்து இறுகியிருந்ததால் பிளவு ஆழங்குறைந்த பகுதிவரை உடைந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. எம் பிள்ளைகளைக் கொண்டுபோன அலைக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு இப்படித்தான் துண்டு துண்டாகப் பதில் கிடைத்து வருகிறது.

சிக்யூவின் பிற பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012 இல் ஷிமொக்கிற்றா தீபகற்பத்துக்கு அப்பால் கடலடிக்குக் கீழே 2,466 மீற்றர் சென்று, நிலக்கரி அடுக்குகளில் உயிருள்ள நுண்ணுயிர்களைக் கண்டது. 2013 மார்ச்சில், கடலடியில் பனிக்கட்டிபோல் உறைந்து கிடக்கும் மெதேன் ஐதரேற்றிலிருந்து உலகிலேயே முதன்முறையாகக் கடலில் வாயுவைப் பிரித்தெடுத்தது. ஆறு நாட்களில் சுமார் 120,000 கன மீற்றர் கிடைத்தது. பின்னர் கிணற்றில் மணல் புகுந்ததால் நிறுத்தினார்கள். 2015 இல் இந்தியாவின் கிருஷ்ணா-கோதாவரி, மகாநதிப் படுகைகளில் இதே மெதேன் ஐதரேற்றைத் தேடி 42 துளைகளைப் போட்டது.

தோல்வியும் உண்டு. நன்காய் அகழியில் 5,200 மீற்றர் ஆழத்தில் இருக்கும் தட்டு எல்லையைத் தொடவேண்டும் என்பதே இக்கப்பல் கட்டப்பட்டதன் பெரிய இலக்கு. 2018, 2019 இல் அதற்காகப் பெருமுயற்சி எடுத்தார்கள். 3,262.5 மீற்றரில் நின்றது. கடலில் செய்யப்படும் அறிவியற் துளையிடலில் அது சாதனை ஆழம். ஆனால் இலக்கை எட்டவில்லை. 2024 இல் யப்பான் அகழிக்கு மீண்டும் போன கப்பல் கடல் மட்டத்திலிருந்து 7,906 மீற்றர் வரை சென்று தன் பழைய சாதனையைத் தானே முறியடித்தது.

எமக்கு மிஞ்சியது என்ன?

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் மன்னார்க் கரையோரக் கிராமங்களில் கடற்றொழிலாளர்கள் பலருடன் பேசியிருக்கிறேன். எரிவாயு அறிவிப்பை அவர்கள் வானொலியில்தான் கேட்டிருந்தார்கள். ஊரில் வந்து விளக்கியவர் ஒருவருமில்லை. அவர்களின் அன்றாடக் கவலை வேறாக இருந்தது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலையை அறுக்கின்றன. ஊருக்குத் திரும்பியும் காணிக்குத் திரும்ப முடியவில்லை. கடலடியில் மூவாயிரம் மீற்றருக்குக் கீழே இருப்பது யாருக்கு என்ற கேள்வி, இருக்க வீடில்லாதவனுக்குத் தூரத்துக் கேள்விதான்.

ஆனால் அது உண்மையில் தூரத்துக் கேள்வி அல்ல. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் அந்த வாரம் கடலுக்குப் போகாமல் இருந்தார்கள் என்பதை வடக்கின் ஒவ்வொரு துறையும் அறியும். எரிபொருள் இறக்குமதிக்கு டொலர் இல்லை என்று நாடே வரிசையில் நின்றபோது, மன்னார் வாயுவைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. 2021 இல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டமும் வந்திருக்கிறது. இன்று இல்லாவிட்டாலும் நாளை இன்னொரு துளையிடும் கப்பல் மன்னார்க் கடலுக்கு வரும் என்றே நான் கருதுகிறேன்.

அது வரும்போது நாம் அறிந்திருக்க வேண்டியவை சில.

முதலாவது, சட்டம். 13 ஆவது திருத்தத்தின் கீழ் எண்ணெய் வளமும் கடல் வலயங்களும் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயங்கள். வட மாகாண சபை இயங்கினாலும் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. வருமானத்தில் ஒரு பங்கு அந்தக் கரைக்குத் திரும்ப வேண்டும் என்று எந்த ஏற்பாடும் தானாக வராது. கேட்டுப் பெறவேண்டியது அது.

இரண்டாவது, கடற்றொழில். சர்வதேச கடற்சட்டத்தின்படி கடலில் நிறுவப்படும் எண்ணெய்க் கட்டமைப்புகளைச் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் அமைக்கலாம். அதற்குள் படகுகள் நுழைய முடியாது. ஆழ்கடலில் இது சிறிய பரப்புத்தான். ஆனால் எடுத்த வாயுவைக் கரைக்குக் கொண்டுவரும் குழாய் ஆழங்குறைந்த கடலைக் கடந்தே ஆகவேண்டும். வலை விரிப்பது அங்கேதான். எனவே குழாய் எந்தத் துறையால் வரும் என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

மூன்றாவது, விபத்து. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் 270,000 தொன் மசகு எண்ணெயுடன் நியூ டயமண்ட் கப்பல் தீப்பற்றியது. எண்ணெய்த் தாங்கிகள் வெடிக்காததால் தப்பினோம். அடுத்த ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது அப்படித் தப்பவில்லை. பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. நட்டஈட்டுக்காக மீனவர்கள் அலைந்ததை நாம் பார்த்தோம். மன்னார் வளைகுடா கடற்பசுவும் கடற்புற்களும் பவளப்பாறைகளும் நிறைந்த கடல். அங்கே ஒரு கிணறு கட்டுப்பாட்டை இழந்தால் யார் முதலில் வருவார், எத்தனை மணித்தியாலத்தில் வருவார், நட்டத்தை யார் கொடுப்பார் என்பவை துளையிடுவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கரையோர மக்கள் படிக்கக்கூடிய தமிழில் இருக்க வேண்டும்.

நான்காவது, அறிவு. சிக்யூவில் புவியியலாளர்கள் முதல் குழாய் பூட்டும் தொழிலாளர்கள் வரை பலவகைத் திறனுள்ளோர் வேலை செய்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்தோ மன்னாரின் தொழில்நுட்பப் பயிற்சி நிலையங்களிலிருந்தோ நாளை அப்படியொரு கப்பலில் ஏறக்கூடிய இளைஞர்களை நாம் இன்று உருவாக்காவிட்டால், எம் கடலில் நடக்கும் வேலையில் எமக்குக் கிடைப்பது காவலாளி வேலை மட்டுமாகவே இருக்கும்.

காற்றாலை, கனிய மணல் ஆகியவற்றுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கியதை அண்மையில் கண்டோம். திட்டம் வந்து, இயந்திரம் இறங்கிய பின்னரே அவர்களுக்குச் செய்தி கிடைத்தது என்பதே அந்தப் போராட்டங்களின் அடிப்படைக் கோபம். எரிவாயுவிலாவது அந்த வரிசை மாறவேண்டும். டொராடோவும் பராகூடாவும் அடைக்கப்பட்ட கிணறுகளாகக் கடலடியில் இருக்கின்றன. வாயு எங்கும் போய்விடவில்லை. அடுத்த கேள்விமனு வெளியாகும் நாளுக்கு முன் மன்னாரின் மீனவர் சங்கங்களும் உள்ளூராட்சி சபைகளும் எமது நாடாளுமன்ற உறுப்பினர்களும் இந்த நான்கு விடயங்களையும் மேசைக்குக் கொண்டுவந்தால், கப்பல் வந்த பின் வானொலியில் செய்தி கேட்க வேண்டிய நிலை மீண்டும் வராது.